தவமலர் கரைத்த ஏழு எலும்புகள்

கடலுக்கடியில் கிடந்த விமானத்தை மலைமேல் ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தவமலரும் முதலில் நம்பவில்லை. கேமரன் மலைக்கு ஏறி வருகிறவை என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்ட்ராபெரி தின்ன வரும் கோலாலம்பூர்க்காரர்களும், கோஸ் ஏற்ற வரும் லோரிகளும்தான். போன வருஷம் மார்ச் மாதத்தில் மூன்று நீள லோரிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு முக்கி முனகி ஏறி வந்து, தோட்டத்தின் பழைய பேக்டரி வாசலில் நின்றன. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேயிலை வாசம் தவிர வேறெதுவும் அறியாத அந்த வாசலில் கருவாட்டு வாடை எழுந்தது. லயத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் சண்டையின்போது சுடப்பட்டு, பகாங்கின் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்த விமானம் அது. எண்பது வருஷத்துக்குமேல் சேற்றில் புதைந்து கிடந்து, ஒரு மீனவனின் வலையில் மாட்டித் தன்னைக் காட்டிக்கொண்டது. முக்குளிப்பவர்கள் இறங்கித் துண்டு துண்டாகத் தூக்கினார்கள். மியூசியத்தில் வைக்க வேண்டும். ஆனால் அந்தத் தகரத்துக்குள் உப்பு ஊறிப்போயிருந்தது. அப்படியே காற்றில் விட்டால் வெள்ளையாகப் பூத்து, அப்பளம்போல நொறுங்கிவிடும். நல்ல தண்ணீரை மாதக்கணக்கில் பூத்தூறலாகத் தெளித்து உப்பை வடிக்க வேண்டுமாம். கீழே அடிக்கிற வெயில் அதற்கு ஆகாதாம். குளிரும் ஊற்றுத் தண்ணீரும் இருக்கிற இடம் எது என்று தேடி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பேக்டரிக்குப் பக்கத்தில் கியா பார்மில் தக்காளிக்குப் போடுவது மாதிரியே நீளமாக ஒரு பிளாஸ்டிக் கொட்டகை போட்டார்கள். தெளிப்புக் குழாய் பொருத்த வந்தவன் கோலா தெர்லாவில் சாயூர் என்கிற காய்கறித் தோட்டங்களுக்கெல்லாம் குழாய் போடுகிற சசிதரன். இதுவரை சலாட்டுக்கும் சாவிக்கீரைக்கும் தண்ணீர் காட்டியவன், முதல்முறையாக விமானத்துக்குக் காட்டினான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

தவமலருக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது, கல்யாணம் கட்டியது, தாலி இறக்கியது எல்லாம் அதே லயத்தில். இருபத்தாறு வருஷம் பேக்டரியில் காம்பு பொறுக்கினாள். கறுத்த தேயிலைத் தூள் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் செந்நிறமாக ஒரு நூல் கனத்தில் காம்பு வந்தால் அவள் கை தானாகப் போய் எடுத்துவிடும். அவள் தட்டில் ஒரு காம்பு தப்பியது என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. அப்புறம் கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்து அவள் வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கு லீவு வேண்டாம், இடுப்பு வலிக்காது, பக்கத்து மெஷினோடு ஊர்வம்பு பேசாது. தவமலரைக் கேண்டீனில் கோப்பை கழுவப் போட்டார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆறவும் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

விமானத்தைப் பராமரிக்க மியூசியம் அனுப்பிய அதிகாரி சுஹைலா, பினாங்குத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. விமானத்தின் வயிற்றில் அடைத்திருந்த சேற்றைச் சலித்துப் பார்க்கக் கூர்மையான கண் உள்ள ஒருவர் வேண்டும் என்று அவள் ஆபீஸில் கேட்டாள். கணக்கெழுதும் கிராணி புவனேஸ்வரன் யோசிக்கவே இல்லை. கேண்டீனைக் கை காட்டினார்.

வேலை தவமலருக்குப் பிடித்துப்போனது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சல்லடை. மேலே சேற்றை வைத்துத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் மெல்லக் கலைக்க வேண்டும். சிப்பி போகும், கல் போகும், மிஞ்சுவதைப் பொறுக்க வேண்டும். ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. பெல்ட்டுக் கொக்கி, சவரக்கத்தியின் பிடி, உடைந்த கண்ணாடி. எது கிடைத்தாலும் வெள்ளைத் தட்டில் வைத்துச் சீட்டு எழுதி சுஹைலாவைக் கூப்பிட வேண்டும். அதுதான் சட்டம். சுஹைலா ஒவ்வொன்றையும் பார்த்து, பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்தவள்போலச் சந்தோஷப்படுவாள்.

பிடிக்காதது ஒன்றுதான்: அந்தத் தெளிப்புச் சத்தம். காலையிலிருந்து சாயங்காலம்வரை பிளாஸ்டிக் கூரைக்கடியில் நிற்காத மழை. பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் கொட்டகைக்குள்ளும் வெளியேயும் ஒரே வெள்ளையாகிவிடும். நடுவில் அந்த விமானம் மட்டும் நனைந்துகொண்டு கிடக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். கண்ணாடி போய் வெறும் ஓட்டை. அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்து சலிக்கும்போது யாரோ தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். லயத்துப் பெண்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். உள்ளே ஆள் இருமுகிறான் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். தவமலர் சிரித்து மழுப்பினாள். ஆனால் அவளுக்கும் கேட்டிருந்தது. அவளுக்கு அது கருப்பையாவின் இருமலாகக் கேட்டது.

கருப்பையா அவள் புருஷன். தோட்டத்து லோரியில் டிரைவரோடு கூட ஏறிப் போகிற ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு மத்தியானம், லோரி கடக்குமா என்று பார்க்க ஆற்றின் தரைப்பாலத்தில் இறங்கி நடந்தான். மேலே எங்கோ பெய்த மழை ஒரே சுருட்டாக வந்து அவனைக் கொண்டுபோனது. தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் எட்டு நாள் தேடினார்கள். எட்டு நாளும் தவமலர் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. பிறகு பெரியவர்கள் சொன்னபடி, அவன் சட்டையையும் கைலியையும் கொளுத்தி, அந்தச் சாம்பலை அதே ஆற்றில் கரைத்தாள். சட்டைக்குத்தானே செய்தோம், மனுஷனுக்கு எங்கே செய்தோம் என்கிற எண்ணம் அன்றைக்குப் பிடித்ததுதான். வாயில் அரிசி போடவில்லை, முகத்தில் பால் விடவில்லை. தாகத்தோடு அலைகிறான் என்றே அவள் நம்பினாள். மழை சத்தம் கேட்கிற இடத்திலெல்லாம் அவன் இருந்தான்.

விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்று சுஹைலா ஒருநாள் சொன்னாள். ஆஸ்திரேலியாக்காரர்கள். இரண்டு பேர் ரப்பர் படகில் தப்பிவிட்டார்கள். வயர்லெஸ் பார்த்த மூன்றாமவன் விமானத்தோடு போய்விட்டான். முக்குளித்தவர்கள் எவ்வளவோ தேடியும் அவனுடையது எதுவும் கிடைக்கவில்லையாம். இதைக் கேட்டபிறகு அந்த ஜன்னல் ஓட்டையைத் தவமலர் நேராகப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் கடைசியில் சேற்றில் ஒரு எலும்புத் துண்டு வந்தது. சுஹைலா அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நம்பர் ஒட்டி, ஆபீஸ் ஐஸ் பெட்டியில் வைத்தாள். பக்கத்தில் அவளுடைய தயிர் டப்பாவும் இருந்தது. ஒரு வாரம் கழித்து அது ஆமையின் எலும்பு என்று தெரிந்தது. ஆமையோ மனுஷனோ, ஒரு வாரம் ஐஸ் பெட்டியில் நம்பரோடு கிடந்ததைத் தவமலரால் சகிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டிப்போன ஒரு மியூசியம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு எலும்புக்கூடு, அதன்மேல் விளக்கு, அதன் முன்னால் பையன்கள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்றார்கள். இந்த ஆளுக்கும் அந்தக் கதிதான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். சுஹைலாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சுஹைலா குவாந்தானுக்குப் போயிருந்தாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். வயர்லெஸ்காரன் உட்காரும் மூலையிலிருந்து எடுத்த ஒரு தோல் பூட்ஸ் தனித் தொட்டியில் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சுஹைலா அதைப் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பியிருந்தாள். தான் வரும்வரை தொடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் பூட்ஸின் தையல் விட்டு, உள்ளே இருந்த சேறு தானாகத் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. சேறு வீணாகிறதே என்று தவமலர் அதைத் தூக்கிச் சல்லடையில் வைத்தாள். பூட்ஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து, சேறு மொத்தமாக வழுக்கி விழுந்தது.

அவள் கண்ணுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கறுத்த சேற்றில் பழுப்பாக ஏழு எலும்புகள் கிடந்தன. கால் விரல் எலும்புகள். ஊறிய தேயிலை நிறம். தவமலர் எழுந்து நின்றுவிட்டாள். பயம் இல்லை, அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று. எட்டு நாள் கரையில் உட்கார்ந்து, எது கிடைத்தாலும் போதும் சாமி என்று கும்பிட்டவள் அவள். கேட்டது பதினோரு வருஷம் கழித்து வேறொருவனாக வந்திருந்தது.

வெள்ளைத் தட்டு பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முந்தானையில் அந்த ஏழையும் முடிந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போனாள். மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். பொம்பளை செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். செய்ய வேண்டிய ஆம்பளைகள் யாரும் எண்பது வருஷமாக வரவில்லையே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். பால், அரிசி, கற்பூரம், பூத்தோட்டத்துச் செவ்வந்தி இரண்டு. லயத்துக்குக் கீழே சின்ன மரப்பாலத்தடியில் ஆறு தேங்கி நிற்கிற இடத்துக்கு இறங்கினாள். கருப்பையாவின் சட்டைச் சாம்பலைக் கரைத்த அதே இடம். ஆறு அவனைக் கொண்டுபோன தரைப்பாலம் அங்கிருந்து இரண்டு மைல் மேலே.

பெயர் தெரியாமல் எப்படிச் செய்வது? கால் அளவைப் பார்த்து சின்ன வயசுப் பையனாகத்தான் இருக்கும் என்று தம்பி ஆக்கிக்கொண்டாள். பாலை விட்டாள், அரிசியைப் போட்டாள், கற்பூரம் காட்டினாள்.

"போப்பா தம்பி," என்றாள். "தண்ணிக்குள்ளயே கெடந்தது போதும். இங்க எங்க வீட்டுக்காரர் இருக்காரு. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

ஏழும் அமிழ்ந்து போயின. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அவள் மனசு லேசாகியிருந்தது. கொட்டகையின் தெளிப்புச் சத்தம் முதல்முறையாக வெறும் தெளிப்புச் சத்தமாகக் கேட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் ஜன்னல் ஓட்டையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சலித்தாள். தான் செய்தது நல்லது என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை சுஹைலா துள்ளிக்கொண்டு வந்தாள். வயர்லெஸ்காரனின் மகள் கிடைத்துவிட்டாளாம். பெயர் பெவர்லி. வயது எண்பத்து மூன்று. அப்பன் செத்து ஐந்து மாதம் கழித்துப் பிறந்தவள். பூட்ஸின் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது இருந்தால் புதைக்க வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். திங்கட்கிழமை தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பூட்ஸை எக்ஸ்ரே எடுக்க சுஹைலா ஏற்பாடும் செய்துவிட்டாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். பூட்ஸ் சுத்தமாக, காலியாகக் கிடந்தது.

தையல் விட்டுச் சேறு இறங்கிவிட்டது, சலித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று தவமலர் சொன்னாள். பொய் அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். சுஹைலா நம்பிவிட்டாள். அவள் முகம் சுருங்கிப்போனது, ஆனால் சந்தேகப்படவில்லை. அக்கா கண்ணுக்குத் தப்புமா? அந்த நம்பிக்கைதான் தவமலரைக் கொன்றது. சனி, ஞாயிறு சோறு இறங்கவில்லை. தெளிப்பு இல்லாத லயத்து வீட்டிலும் அவளுக்கு மழை சத்தம் கேட்டது. புதைக்க வேண்டுமாம், புதைக்க வேண்டுமாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எரிக்கிறவர்கள், கரைக்கிறவர்கள் தவிரப் புதைக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை சுஹைலா போனில் பெவர்லியைப் படத்தோடு கூப்பிட்டாள். பூட்ஸ் காலியாக இருந்ததைச் சொல்லவேண்டிய கடமை. தவமலர் தற்செயலாகப் பக்கத்தில் இருந்தாள். திரையில் வெள்ளை முடியோடு ஒரு கிழவி. சுஹைலா சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் அழவில்லை. சும்மா தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து திரைக்கு நேராகப் பிடித்தாள். ஒரு கல்லறைக் கல். அதில் பாதியில் எழுத்து இருந்தது. மறுபாதி வழவழவென்று வெறுமையாக இருந்தது. அது தன் அம்மாவின் கல்லறை என்று பெவர்லி சொன்னதை சுஹைலா தமிழில் சொன்னாள். அந்தப் பாதியை அப்பாவுக்காக விட்டுவைக்கச் சொல்லிவிட்டு அம்மா செத்துப்போனாளாம். தனக்கும் வயதாகிவிட்டதாம். பரவாயில்லையாம், எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாளாம்.

போனை வைத்ததும் தவமலர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிஸ், அந்த பூட்ஸ் காலியா இல்ல," என்றாள். "ஏழு எலும்பு இருந்துச்சி. நான்தான் எடுத்தேன். பாலூத்தி கீழ சுங்கை ஆத்துல கரைச்சிட்டேன். அந்த ஆளுக்கு நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன் மிஸ்."

கோபத்தில் சுஹைலாவின் உதடு வெளுத்துவிட்டது. பிறகு சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எலும்பு யாரு கைலயாச்சும் கெடச்சி, அவங்க உங்ககிட்ட சொல்லாம, நல்லதுன்னு நெனச்சி வேற எங்கயோ கொண்டுபோயி போட்டிருந்தா, நீங்க சும்மா இருப்பீங்களா அக்கா?"

அந்தக் கேள்வி தவமலருக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. உலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அவளே செய்துவிட்டாள். அதை நினைக்க நினைக்க, தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

சுஹைலா எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். தவமலரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவள் கொட்டகைக்கு வந்தது வேலைக்கு அல்ல. மூன்று சல்லடைகளையும் கேட்க வந்தாள். சுஹைலா சல்லடைகளைக் கொடுத்தாள். தன் கால் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தானும் பின்னாலேயே ஆற்றுக்கு இறங்கினாள்.

சசிதரன் உரச்சாக்குகளில் மண் கட்டி, தண்ணீரை ஒருபக்கமாகத் திருப்பிக் கொடுத்தான். மரப்பாலத்தடி மணலை அள்ளி அள்ளிச் சலித்தார்கள். தவமலரின் மகள் யுவனேஸ்வரி தானா ராத்தாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு அவளும் வந்தாள். முதல் நாள் முழுக்க அம்மாவைத் திட்டிக்கொண்டே மணல் சுமந்தாள். மத்தியானமானால் மழை வந்துவிடும். மழை வந்தால் காலையில் கண்டுவைத்த மணல் வேறு மணலாகிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்தார்கள். பழைய கரண்டி, சாமிக்குப் போட்ட சில்லறை, பிளாஸ்டிக் என்று எல்லாம் கிடைத்தது. எலும்பு மட்டும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் நின்று நின்று தவமலரின் விரல்கள் வெளுத்து ஊறிப்போயின. முழங்காலில் நீர் கட்டிவிட்டது. போதும் அக்கா என்று சுஹைலாவே சொன்னாள். அவள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், பாலத்திலிருந்து நூறடி கீழே, இரண்டு பாறைக்கு நடுவில் அடைந்திருந்த மணலில் அது வந்தது. ஒன்றே ஒன்று. கட்டைவிரல் நீளம், நடுவில் ஒடுங்கி, இரு முனையிலும் அகன்றிருந்தது. பழுப்பு நிறம். தவமலர் அதைச் சல்லடையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். சுஹைலாவும் யுவனேஸ்வரியும் மேலே சாக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

கிடைத்துவிட்டது என்று கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இது யாருடையது? இந்த ஆற்றோடு போன கால்கள் இரண்டு பேருடையவை. இலை ஊறிய இந்தத் தண்ணீரில் கிடந்தால் எந்த எலும்பும் பழுப்பாகத்தான் போகும். அந்தத் தம்பியுடையதாக இருக்கலாம். கருப்பையாவினுடையதாகவும் இருக்கலாம். கருப்பையாவின் கால் விரல்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. மழைக்காலத்தில் சேற்றுப்புண் வந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட விரல்கள். கையைத் திறந்து பார்த்தாள். எவ்வளவு பார்த்தாலும் அந்த எலும்பு எதுவும் சொல்லவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. பாலூற்றலாம், அரிசி போடலாம், இவ்வளவு நாள் செய்யாத எல்லாவற்றையும் செய்யலாம். பதினோரு வருஷத்துப் பாரம் இந்த மத்தியானத்தோடு இறங்கிவிடும். அந்த ஆசை அவளை எப்படிப் பிடித்து உலுக்கியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டின புருஷன். உரிமை இருக்கிறதா இல்லையா?

மழை தொடங்கியது. மேலேயிருந்து யுவனேஸ்வரி, ஏறி வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். தவமலர் மூடிய கையோடு ஏறி வந்து சுஹைலாவின் முன்னால் நின்றாள். திறக்க நேரமானது.

"யாரோடதுன்னு எனக்குத் தெரியல மிஸ்," என்றாள். "ரெண்டு பேருக்கும் பாத்துச் சொல்லுங்க."

கருப்பையாவுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சுஹைலா பக்குவமாக எடுத்துச் சொன்னாள். பதினோரு வருஷம், அத்தனை வெள்ளம். தவமலர் கேட்டுக்கொண்டாள். ஆனால் யுவனேஸ்வரியின் கன்னத்து எச்சிலைப் பஞ்சில் எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பும்வரை அங்கேயிருந்து நகரவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து பெவர்லியின் எச்சிலும் போனது. ஒரு விரல் எலும்புக்காக இரண்டு நாட்டில் இரண்டு மகள்கள் காத்திருந்தார்கள்.

ஏழு வாரம் ஆனது. பெவர்லிக்குக் கிடைக்கட்டும் என்று காலையில் தவமலர் சாமியிடம் கேட்பாள். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது எதுவுமே கேட்க வாய் வராது. முடிவு வந்த அன்று சுஹைலா லயத்துக்கே நடந்து வந்தாள். அந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. எலும்பு விமானக்காரனுடையது.

"நல்லது மிஸ்," என்றாள் தவமலர். "அந்தம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியாயிற்று. தவமலர் சந்தோஷப்பட்டாள், அது பொய்யில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டாள், சுஹைலாவுக்குக் கொடுத்தாள். கோப்பையைக் கொடுத்த கை கீழே இறங்குவதற்குள் அழுகை வெடித்துவிட்டது. கருப்பையா போன அன்றுகூட அப்படி அழவில்லை என்று யுவனேஸ்வரி பிற்பாடு சொன்னாள். அந்த ஒன்பது நாளும் பனித்தண்ணீரில் நின்று யாரைத் தேடினோம் என்பது அப்போதுதான் தவமலருக்குத் தெரிந்தது.

ஆகஸ்டில் பெவர்லி வந்தாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தாள், ஜன்னல் ஓட்டையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள், எலும்பு வைத்த கையகலப் பெட்டியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். தவமலரிடம் அவளைக் கூட்டிவந்தார்கள். பெவர்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அது இடது காலா, வலது காலா? இடது என்று தவமலர் தன் காலைத் தொட்டுக் காட்டினாள். பெவர்லி தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினாள். மன்னித்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கேட்க யாருக்கும் துணிவும் வரவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சட்டைக்காவது செய்தோம் என்று ஒரு அரைகுறைச் சமாதானமாவது அதுவரை தவமலருக்கு இருந்தது. ஆறு எதையும் திருப்பித் தராது என்று அதுவரை நம்பியும் இருந்தாள். ஆனால் ஆறு தந்துவிட்டது, அவள் கையிலேயே, வேறொருத்திக்கு. தந்த ஆறு இன்னொன்றும் தரும் என்பதை அவள் மனசிலிருந்து இனி எந்தப் பூசாரியும் எடுக்க முடியாது.

மியூசியத்தில் அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. கேண்டீனிலும் கோப்பை கழுவப் போகவில்லை. வாரம் முழுக்க ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தரைப்பாலத்துக்குப் போனால் அவளைப் பார்க்கலாம். சேலையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு ஆற்றுக்குள் நிற்பாள். சந்தையில் வாங்கிய சாதாரண மாவுச் சல்லடை ஒன்று கையில் இருக்கும். மேலேயிருந்து தொடங்கி, ஓர் அடிகூட விடாமல், கீழே வந்துகொண்டிருக்கிறாள். மழை கட்டி வரும்போது யுவனேஸ்வரி குடையோடு வந்து கரையில் நின்று கூப்பிடுவாள்.

"போதும்மா. வீட்டுக்கு வா. அப்பா இங்க இல்லம்மா."

"இந்த மணல் மட்டும் முடியட்டும்டி," என்பாள் தவமலர்.